கிலா வனத்தில் 5 நாள் குதிரைப் பயணம்: முன்பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

பொதிகைக்காற்று

நியூ மெக்சிகோவின் கிலா வனத்தில் வழிகாட்டியோடு குதிரைப் பயணம், 5 பகல் 4 இரவு, அக்டோபர் முதல் வாரம். ஆறு பேர். நான்கு பேருக்குச் சவாரி ஓரளவு பழக்கம், இரண்டு பேர் புதியவர்கள். அந்த இருவரில் ஒருவர் எடை 98 கிலோ. மூன்று பேர் சைவம். விளம்பரத்தில் "ஜெரோனிமோவின் பூமி, அப்பாச்சேக்களின் குகை வீடுகள்" என்று போட்டிருக்கிறது. மிடில் ஃபோர்க் (கிலா ஆற்றின் நடுக்கிளை) வழியாக ஏறி, தினமும் முகாம் மாற்றும் திட்டம். எதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்?

கிலா_வாசகன்

முதலில் அந்த விளம்பர வரி. ஜெரோனிமோ, அப்பாச்சே என்னும் அமெரிக்கப் பழங்குடியின் போர்த்தலைவர். கிலா ஆற்றின் தலைப்பகுதியைச் சேர்ந்த பெடோன்கோஹே என்ற அப்பாச்சே குழுவில் பிறந்தவர், அது சரி. "அப்பாச்சேக்களின் குகை வீடுகள்" என்பது தவறு. கிலா குகை வீடுகளைக் கட்டியவர்கள் மொகொயோன் மக்கள். உத்தரங்களின் மர வளையக் கணக்குப்படி 1270களிலும் 1280களிலும் கட்டியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை வாழ்ந்து, 1300 வாக்கில் விட்டுப் போய்விட்டார்கள். அப்பாச்சேக்கள் கல்வீடு கட்டியவர்கள் அல்லர்.

இந்த வித்தியாசம் தெரியாத வழிகாட்டியிடம் வரலாறு கேட்டுப் பயனில்லை. தொலைபேசியில் ஒரே கேள்வி போதும்: "குகை வீடுகளைக் கட்டியது யார்?" பதிலை வைத்தே மற்றதை எடை போடலாம்.

லாடம்70

வரலாற்றை வாசகன் பார்த்துக்கொள்ளட்டும். நான் குதிரைக்கு வருகிறேன். ஃபோனில் கேட்க வேண்டியவை:

வனத்துறையின் வணிக அனுமதி கைவசம் இருக்கிறதா, எந்த ஆண்டுக்கு? தேசிய வனத்தில் கூலிக்கு வழிகாட்டுபவர் எவரும் இது இல்லாமல் ஏறக்கூடாது. அனுமதிக் கடிதத்தின் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

ஒவ்வொரு குதிரையின் எடை எவ்வளவு? "எங்க குதிரை எல்லாம் திடமானது" என்பது பதில் ஆகாது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008இல் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்தார்கள். 25க்கு மேல் போனதும் தசை வலியும் இறுக்கமும் தெளிவாகத் தெரிந்தன. அதுவும் சமதரையில். கிலாவின் ஏற்ற இறக்கத்தில் 20ஐத் தாண்டவே கூடாது.

98 கிலோ நண்பருக்குக் கணக்கு இதோ: வெஸ்டர்ன் சேணம், விரிப்பு, கடிவாளம் எல்லாம் சேர்த்து 17 கிலோ. மொத்தம் 115. அதற்கு 575 கிலோ குதிரை வேண்டும். அங்கே சாதாரணமாக ஓடும் குவார்ட்டர் குதிரை 450 முதல் 500 கிலோதான். பெர்ஷரான் (கனத்த வண்டிக் குதிரை இனம்) கலப்புக் குதிரையோ பெரிய கோவேறு கழுதையோ வைத்திருக்கிறார்களா என்று இப்போதே கேட்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டு வந்தால், மூன்றாம் நாள் குதிரையின் முதுகு புண்ணாகி எல்லோர் பயணமும் அங்கேயே நின்றுவிடும். துணிச்சேணம் 10, 12 கிலோவில் கிடைக்கும். அதைப் போட்டால் 5 கிலோ மிச்சம்.

கடைசியாக லாடம் அடித்து எத்தனை நாள் ஆகிறது? 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 5ஆம் வாரத்தில் இருக்கும் லாடத்தோடு கிலாவின் கல்லாற்றுப் படுகையில் இறங்கினால் கழன்று விழ வாய்ப்பு அதிகம். ரப்பர் குளம்புறை ஒரு ஜோடியாவது பொதியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மலைச்சாரல்

மிடில் ஃபோர்க் வழியாகவே போவது இரண்டு புதியவர்களோடு எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் தடம் ஆற்றை மாறி மாறிக் கடந்துகொண்டே இருக்கும். ஒரே நாளில் பல பத்து முறை தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். 2012 வைட்வாட்டர்-பால்டி தீ ஏறக்குறைய 2,98,000 ஏக்கரை எரித்தது. 2022 பிளாக் தீ 3,25,000 ஏக்கருக்கு மேல். தலைப்பகுதிச் சரிவுகளில் பிடிமானம் போனதால் ஒவ்வொரு மழைக்காலமும் வண்டலைக் கொண்டுவந்து துறைகளில் கொட்டுகிறது. போன வருடம் கெட்டியாக இருந்த துறை இந்த வருடம் புதைமணலாக இருக்கும். முன்னால் போகும் வழிகாட்டி தன் குதிரையை விட்டுப் பார்த்த பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும்.

என் யோசனை: டிஜே கோரல் தடத்தலையில் (தடம் தொடங்கும் இடம்) தொடங்கி, மேட்டுக்கு ஏறி, லிட்டில் பேர் பள்ளத்தாக்கு வழியாக மிடில் ஃபோர்க்கில் இறங்குங்கள். அங்கே ஒரே முகாமில் மூன்று இரவு, கடைசி இரவு மட்டும் வேறிடம். தினமும் முகாம் பிரிப்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான்கு பொதிவிலங்குக்கு மூட்டை கட்டி ஏற்றக் காலையில் இரண்டரை மணி நேரம் போய்விடும். ஒரே இடத்தில் இருந்தால் அந்த நேரமும் சவாரிக்குக் கிடைக்கும். விலங்குகளின் முதுகுக்கும் ஓய்வு.

லாடம்70

> என் யோசனை: ... ஒரே முகாமில் மூன்று இரவு

பாதி ஒப்புக்கொள்கிறேன். தடம் சரி. மூன்று இரவு ஒரே இடம் என்பதில்தான் சிக்கல், காரணம் புல்.

ஆறு விருந்தினர், இரண்டு வழிகாட்டிகள்: சவாரி விலங்கு 8. பொதிக்கு 4. மொத்தம் 12 வாய். ஒரு கோவேறு கழுதைக்குப் பொதிச்சேணம் நீங்கலாக 68 கிலோ (150 பவுண்டு) வைப்பது நியாயம். நான்குக்கும் சேர்த்து 272 கிலோ. ஆளுக்கு 13 கிலோ பை என்றால் ஆறு பேருக்கு 78. சாப்பாடு எட்டுப் பேருக்கு 5 நாளுக்கு 40. கூடாரம் 12. சமையல் சாமான், கயிறு, மருந்து, மரவாள் எல்லாம் 35. கூட்டினால் 165. மீதி 107 கிலோதான் தீவனம்.

12 விலங்கு, 4 இரவு, 48 பங்கு. ஒரு பங்குக்கு 2.2 கிலோ குச்சித்தீவனம் வருகிறது. ஒரு குதிரைக்கு நாளுக்கு உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 9 கிலோ தீனி வேண்டும். முக்கால்வாசியை மேய்ச்சலில்தான் எடுக்க வேண்டும். 12 விலங்கு மூன்று இரவு ஒரே புல்வெளியில் மேய்ந்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும். ஆகவே இரண்டு இரவு ஒரு முகாம், இரண்டு இரவு இன்னொன்று. இதுதான் நடுவழி.

மாலை வந்ததும் சேணம் இறக்கி, முன்னங்கால்களில் தளை போட்டு இரண்டு மூன்று மணி நேரம் மேய விடவேண்டும். விடியற்காலையில் இன்னொரு முறை. தளை போட்டாலும் தாவித் தாவி ஒரு கிலோமீட்டர் போகத் தெரிந்த குதிரைகள் உண்டு. அதனால் தலைமைப் பெண்குதிரையின் கழுத்தில் மணி கட்டுவார்கள். கோவேறு கழுதைகள் அந்த மணியை விட்டு அகலாது.

தீவனம், களைவிதை இல்லை என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சாணத்தில் முளைக்கும் வெளியூர்ப் புல் ஆற்றங்கரை முழுக்கப் பரவிவிடும். பயணத்துக்கு மூன்று நாள் முன்பே இந்தத் தீவனத்துக்கு மாற்றினால்தான் வயிற்றில் பழைய விதை இருக்காது, திடீர் மாற்றத்தால் வயிற்றுவலியும் வராது.

மலைச்சாரல்

புல் கணக்கை ஏற்கிறேன். இரண்டும் இரண்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். இரவில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மரத்தோடு நேராகக் கட்டும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே இரவில் குளம்பால் கிளறி வேரை வெளியே எடுத்துவிடும், பட்டையையும் கடிக்கும். உயரக்கயிறுதான் சரி: இரண்டு தடித்த மரங்களுக்கு இடையே, 2 மீட்டருக்குக் குறையாத உயரத்தில். மரத்தைச் சுற்றி 5 செமீ அகலத்துக்கு மேற்பட்ட பட்டை வார் போட்டு அதில்தான் கயிற்றை இழுக்க வேண்டும். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, காய்ந்த கெட்டித் தரையில். தலைக்கயிறு தரையைத் தொடாத நீளம். நீளமாக விட்டால் இரவில் கால் சிக்கும், விடிந்து பார்த்தால் கயிறு அறுத்த காயம் இருக்கும்.

எரிந்து நிற்கும் பட்ட மரங்களுக்குக் கீழே கூடாரமும் வேண்டாம், உயரக்கயிறும் வேண்டாம். காற்று இல்லாத இரவிலும் சாயும்.

பொதிகைக்காற்று

நன்றி. கணக்கைப் பார்த்த பிறகு ஆளுக்கு 13 கிலோ பை என்பதன் அர்த்தம் புரிகிறது. மூன்று சந்தேகங்கள். சைவச் சாப்பாட்டுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்? வெந்நீர் ஊற்றில் குளிக்கலாமா? அப்பாச்சே வரலாறு என்று உண்மையில் அங்கே கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது?

நீலா_ரா

சாப்பாடு முதலில். வழிகாட்டிகள் வார்ப்பிரும்புச் சட்டியில் பீன்ஸ், ரொட்டி, இறைச்சி என்று போவார்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் பன்றிக்கொழுப்பில் வதக்கிய பீன்ஸ் தட்டில் வரும். கொழுப்பு, கோழிச்சாறு இரண்டையும் பெயர் சொல்லி விலக்கி எழுத்தில் கொடுங்கள். அரிசி, பருப்பு நீங்களே தருவதானால் உயரத்தை நினைவில் வைக்க வேண்டும். தடத்தலையே 1,700 மீட்டருக்கு மேல். மேட்டு முகாம் 2,500 மீட்டர் என்றால் தண்ணீர் 92 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு எத்தனை நேரம் வைத்தாலும் கடினமாகவே நிற்கும். காலையில் ஊறவைத்த பாசிப்பருப்பு, மசூர், அவல், ரவை வேலைக்கு ஆகும். துவரம்பருப்புதான் வேண்டும் என்றால் 3 லிட்டர் அலுமினியக் குக்கர் ஒன்று, ஒன்றரை கிலோ எடை. அதை லாடம்70 அண்ணன் சொன்ன 35 கிலோவுக்குள் அடக்கச் சொல்லுங்கள்.

வாசனையுள்ளவை எல்லாம் (பற்பசை, ஊறுகாய், மாத்திரை கூட) கரடிக்கு எட்டாமல் தொங்க வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியில் போக வேண்டும். கூடாரத்துக்குள் ஒன்றும் வேண்டாம்.

வெந்நீர் ஊற்று: குளிக்கலாம், தலையை மட்டும் நனைக்காதீர்கள். நெக்லேரியா ஃபௌலரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும், பிழைத்தவர்கள் மிகச் சிலரே. ஜோர்டன் ஊற்றாக இருந்தாலும் லைட்ஃபெதர் ஊற்றாக இருந்தாலும் கழுத்துக்குக் கீழே மட்டும். முகம் கழுவுவதும் வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடியுங்கள், ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி இருக்கிறது.

ஆற்றோரத்தில் விஷப்படர்கொடி அடர்த்தி. மூன்று இலை, அக்டோபரில் சிவந்து அழகாக இருக்கும். குதிரை அதில் உரசிக்கொண்டு போகும், பிறகு நீங்கள் அதன் கழுத்தைத் தடவுவீர்கள். எண்ணெய் அப்படியே கைக்கு வந்துவிடும். முகாமில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் முகத்தைத் தொடவேண்டும்.

கிலா_வாசகன்

மூன்றாவது கேள்விக்கு. கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. ஏன் குறைவு என்பதே அந்த மக்களைப் பற்றிச் சொல்லும்.

தங்களை ந்தே, "மக்கள்", என்று அழைத்துக்கொள்பவர்கள் அவர்கள். வீடு என்பது கம்புகளை வளைத்து நட்டுப் புல்லும் தழையும் வேய்ந்த குடில். பருவத்துக்குத் தக்கபடி இடம் மாறுவார்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் குடிலை எரித்துவிட்டு அகன்றுவிடுவது வழக்கம். ஆகவே மிஞ்சுவது தரையில் ஒரு கல் வட்டம், அல்லது கற்றாழைக் குழி. பாரி கற்றாழையின் இலைகளை வெட்டிவிட்டு, நடுக்குருத்தைச் சூடேற்றிய கற்கள் நிரம்பிய குழியில் இட்டு, புல்லும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் வேகவைப்பார்கள். மாவுச்சத்து இனிப்பாக மாறும். காயவைத்தால் நெடுநாள் கெடாது. கறுத்து வெடித்த கற்கள் வளையமாகக் கிடக்க, நடுவில் சாம்பல் நிற மண் பள்ளமாக இருந்தால் அது அப்படிப்பட்ட குழியாக இருக்கலாம். மெஸ்கலேரோ என்ற அப்பாச்சே பிரிவின் பெயரே இந்த மெஸ்கால் கற்றாழையிலிருந்து ஸ்பானியர் வைத்ததுதான்.

குதிரையை அந்தக் குழிக்குள் விடக்கூடாது. ஒரு குளம்படி போதும், அடுக்கு கலைந்துவிடும். ஓட்டுத் துண்டோ கல் சில்லோ எடுப்பதும் குற்றம். 1979ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. படம் எடுத்தால் கைப்பேசியின் இட விவரத்தை அணைத்துவிட்டு எடுங்கள். இணையத்தில் இடம் தெரிந்த குழிகளைத் தோண்டிப் பார்க்க ஆள் வருகிறது.

பொதிகைக்காற்று

அங்கே இப்போது அப்பாச்சே மக்கள் யாரும் வாழவில்லையா? வழிகாட்டி அப்பாச்சேயாக இருக்க வாய்ப்புண்டா?

கிலா_வாசகன்

கிலா வனத்துக்குள் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் (பழங்குடிக்கென அரசு ஒதுக்கிய நிலம்) எதுவும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்குப் பக்கம் ஓஜோ காலியென்டே வெந்நீர் ஊற்றுப் பகுதி சிஹேனே என்ற அப்பாச்சே குழுவுடையது. 1874இல் அங்கே ஒதுக்கீடு தந்தார்கள். 1877இல் அதைப் பறித்து, அரிசோனாவின் சான் கார்லோஸுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வெயிலும் நோயும் பிடித்த அந்த இடத்தில் இருக்க முடியாது என்று அவர்களுடைய தலைவர் விக்டோரியோ திரும்பத் திரும்ப வெளியேறியது இந்த ஊற்றுக்காகத்தான். 1879 செப்டம்பரில் லாஸ் அனிமாஸ் பள்ளத்தாக்கில் அமெரிக்க ராணுவத்தின் 9ஆம் குதிரைப்படையை அவர் மடக்கிய இடம் இன்றைய ஆல்டோ லியோபோல்டு வனத்தில் இருக்கிறது. 1880 அக்டோபரில் மெக்சிகோவின் ட்ரெஸ் காஸ்டில்லோஸில் அவரும் கூட்டத்தாரில் பலரும் கொல்லப்பட்டார்கள்.

1886 செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கில் ஜெரோனிமோ சரணடைந்த பிறகு, சிரிகாஹுவா மக்கள் (பெடோன்கோஹே, சிஹேனே குழுக்கள் அடங்கிய அப்பாச்சே பிரிவு) ஏறக்குறைய எல்லோரும், ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக வேலை பார்த்தவர்கள் உட்பட, ரயிலில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு அலபாமா, 1894இல் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில். 27 ஆண்டு போர்க்கைதிகள். 1913இல் விடுவித்தபோதும் கிலாவுக்குத் திரும்ப விடவில்லை. பெரும்பாலோர் நியூ மெக்சிகோவிலேயே உள்ள மெஸ்கலேரோ ஒதுக்கீட்டு நிலத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் ஓக்லஹோமாவிலேயே தங்கினார்கள். 1924இல் வனத்துறை அலுவலர் ஆல்டோ லியோபோல்டின் முன்மொழிவின்படி கிலா, மனிதர் தங்காத முதல் காப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. ஆள் இல்லாத காடு என்று அதைப் பார்க்க முடிந்ததற்கு 1877உம் 1886உம் காரணம். தடத்தில் இதைச் சொல்லாத வழிகாட்டி அந்த வரலாற்றில் பாதியைத்தான் சொல்கிறார்.

அவர்கள் குரலில் கேட்க வேண்டும் என்றால் பயணத்தோடு இரண்டு நாள் கூட்டி மெஸ்கலேரோவுக்குப் போங்கள். சடங்கு எதுவும் நடந்தால் அனுமதி கேட்காமல் படமோ ஒலிப்பதிவோ கூடாது. ஒதுக்கீட்டு நிலத்தில் சவாரிக்கும் நடைக்கும் அந்த இனக்குழுவின் அனுமதி வேண்டும். வனத்துறை அனுமதி அங்கே செல்லாது.

மலைச்சாரல்

வானிலை. ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை பிற்பகல் இடிமழை, எரிந்த சரிவுகளுக்குக் கீழே திடீர் வெள்ளம். மே, ஜூனில் காற்று, தீத்தடை. அக்டோபர் முதல் வாரம் நல்ல தேர்வு. ஆனால் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். ஆற்றோர முகாம் விடியலில் உறைநிலைக்குக் கீழே போகும், 30 மீட்டர் மேலே திட்டில் போட்டால் சில டிகிரி மிச்சம். எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக் காலமும் அதுதான். ஆரஞ்சு நிற மேல்சட்டை எல்லோருக்கும், தலைமைக் குதிரைக்கும் ஒரு பட்டை.

சில்வர் சிட்டியிலிருந்து 15ஆம் எண் சாலை 70 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். 20 அடிக்கு மேல் நீளமான வண்டி இருந்தால் மிம்பிரெஸ் வழியாக 35ஆம் எண் சாலையில் வாருங்கள். கைப்பேசி சிக்னல் கிடையாது. வழிகாட்டியிடம் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருந்தாலும் குழுவில் இன்னொன்று இருக்கட்டும். வழிகாட்டியே விழுந்தால் அவர் பையில் இருப்பதை இயக்க ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பு வனத்தில் மோட்டார் கூடாது, சக்கரமும் கூடாது. தடத்தில் மரம் விழுந்திருந்தால் இருவர் இழுக்கும் கைவாள்தான். அறுக்க முடியாத இடத்தில் திரும்ப வேண்டிவரும். அதனால் 5 நாள் திட்டத்தில் அரைநாள் சும்மா விட்டு வையுங்கள்.

லாடம்70

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கொட்டிவிடுகிறேன்.

வயிற்றுவாரைப் புறப்படும்போது இறுக்குவது போதாது. குதிரை அப்போது மூச்சைப் பிடித்திருக்கும், விரிப்பும் அமுங்காமல் இருக்கும். 20 நிமிடம் நடந்ததும் எல்லோரும் இறங்கி இன்னொரு முறை. பெரிய இறக்கத்துக்கு முன் மறுபடியும். இறக்கத்தில் சேணம் தோளுக்கு வழுக்கி விழுவது அடிக்கடி நடக்கும் விபத்து. பொதிவிலங்குக்கு இதற்காகவே பின்தொடை வார் இருக்கும். வாருக்குக் கீழே விரல் விட்டுத் தோல் மடிப்பு சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு மடிப்பு, இரண்டு மணி நேரம், புண்.

பொதிப்பைகள் இரண்டையும் தராசில் தூக்கிப் பார்த்து, வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் வர வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சாயும், முதுகெலும்பு ஓரம் தேயும். வழியில் தண்ணீர் குடித்துப் பாட்டிலை ஒரு பக்கமே காலி செய்தாலும் இதே கதைதான்.

பொதிவரிசையை ஒன்றோடொன்று கட்டும்போது இடையில் 6 மில்லிமீட்டர் சணல் வளையம் இருக்கிறதா பாருங்கள். ஒரு விலங்கு பள்ளத்தில் சரிந்தால் அது அறுந்து மற்றவை தப்பும். நைலான் கயிறு அறாது, நான்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மழைக்கோட்டைக் குதிரை மேலிருந்தபடி விரிக்காதீர்கள். அந்தச் சடசட சத்தத்தில் மிரளாத குதிரை குறைவு. இறங்கி, போட்டுக்கொண்டு, ஏறுங்கள். பின்னால் வரும் விலங்கின் தலைக்கயிறு உங்கள் குதிரையின் வாலுக்குக் கீழே போகவிடாதீர்கள், துள்ளும். ஒரு குதிரை நீள இடைவெளி எப்போதும். ஆற்றில் குதிரை நின்று குடிக்க விரும்பினால் குடிக்க விடுங்கள், முழு வரிசையும் காத்திருக்கட்டும். நாளுக்கு 30, 40 லிட்டர் தேவை. குடிக்காத குதிரைக்குத்தான் மாலையில் வயிற்றுவலி வரும். குடிக்காமல் முன்னங்காலால் தண்ணீரை அடிக்கத் தொடங்கினால் படுக்கப் போகிறது என்று அர்த்தம், உடனே நடத்துங்கள்.

காலணிக்கு இரண்டரை செமீ குதிகால், வழுவழு அடி. நடைப்பயணக் காலணியின் தடித்த பற்கள் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

பொதிகைக்காற்று

இன்று பேசிவிட்டேன். அனுமதிக் கடிதம் அனுப்பினார்கள். குகை வீடு கேள்விக்குச் சரியான பதில் வந்தது, விளம்பர வரியை மாற்றுவதாகவும் சொன்னார்கள். இரண்டு முகாம் திட்டத்துக்கும் சரி. 590 கிலோவில் பெர்ஷரான் கலப்பு ஒன்று இருக்கிறது, உயரம் 16.2 கை (தோள் வரை ஏறக்குறைய 168 செமீ). 98 கிலோ நண்பரால் தரையிலிருந்து அவ்வளவு உயரம் ஏற முடியாது. ஏணி கொண்டுபோக முடியாதே?

லாடம்70

590க்கு 20 சதவீதம் 118. 115இல் அடங்குகிறது, சரியான குதிரை. இனி வரும் ஒவ்வொரு கிலோவும் பொதிக்குப் போகட்டும், சேணப்பையில் கேமராவும் தண்ணீரும் நிரப்ப வேண்டாம்.

ஏணி வேண்டாம். கல்லோ விழுந்த மரமோ சரிவோ பார்த்துக் குதிரையைக் கீழ்ப்பக்கம் நிறுத்தி, மேட்டிலிருந்து ஏறட்டும். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் முதுகெலும்பின் ஓரத்தைத் திருகும், கனத்த ஆளுக்கு அது நாளுக்கு ஆறேழு முறை. ஏறும்போது எதிர்ப்பக்க அங்கவடியை இன்னொருவர் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்த பிறகே சரிந்து இறங்கச் சொல்லுங்கள். நீண்ட இறக்கங்களில் அவர் நடந்தே வரட்டும். குதிரைக்கும் நல்லது, அவர் முழங்காலுக்கும் நல்லது.